தமிழில் கேட்டால் கோயம்புத்தூர்

அத்தியாயம் 11

கடிதம் போன கதையைப் போன வாரமே சொல்லிவிட்டேன். இனி அது திரும்பி வந்த கதை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஆகவே நடுவில் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெயந்தினி. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. என் அம்மா அம்மாக்கண்ணு இருபத்தாறு வருடமாக இதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அப்பா மாயாண்டி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். அண்ணன் விஜிதரன் ஹட்டனில் போன் கடையில் நிற்கிறான். அவனுக்குத் தெரியாதது இந்த உலகத்தில் ஒன்றுமில்லை. நம்பாவிட்டால் அவனையே கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் ஏழாம் நம்பர் மலையில், தேயிலை நிரைக்கு மேலே நின்ற மரத்தில், குளவிக் கூடு தொங்குவதை அம்மா கண்டார். மூன்று வருடத்துக்கு முன்பு அதே மலையில் குளவி கொட்டித்தான் என் சின்னம்மா போய்ச் சேர்ந்தார். அம்மா யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கூட நின்ற பதின்மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

தோட்டத்து உதவி மேனேஜர், நாங்கள் சொல்லும் சின்னத்துரை, பதினான்கு பேருக்கும் அரைப் பேர் போட்டார். அதாவது பாதி நாள் சம்பளம். அம்மாவுக்கு மட்டும் மேலதிகமாக ஒரு கடிதம் வந்தது. ஆட்களைத் தூண்டிவிட்டதற்காக உன்னை ஏன் நிறுத்தக் கூடாது, மூன்று நாளில் விளக்கம் கொடு என்று. நிறுத்தினால் பதிவிலிருந்து பேர் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் லயத்துக் காம்பராவையும், தோட்டம் கொடுத்த அறையையும், திருப்பிக் கேட்பார்கள். எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

அந்த விளக்கத்தைத்தான் அண்ணன் போனில் இருக்கும் ஏஐயைக் கேட்டு எழுதினான். ஒரே நிமிடத்தில் வந்ததாம். இங்கிலீஷில் மாற்றி, ஹட்டனில் நல்ல தாளில் அச்செடுத்து, கொண்டுவந்து நீட்டினான். அம்மா கையெழுத்துப் போட்டார். என்னிடமும் காட்டினான். நான் முதல் பத்தியைப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்றேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை.

புதன்கிழமை காலை ஆறரை மணி. பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லோரும் கூடையோடு நின்றார்கள். பிள்ளை மடுவம் பக்கத்துக் கட்டடம்தான். நான் பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். சின்னத்துரை கஜேந்திரனின் குரல் கேட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம்.

"அம்மாக்கண்ணு ஆர்? முன்னுக்கு வாங்கோ."

அம்மா முன்னால் போனார். சின்னத்துரை எங்கள் கடிதத்தை உயர்த்திப் பிடித்தார்.

"இதை எழுதினது ஆர் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா நல்லா எழுதியிருக்கு. தமிழ்நாட்டுத் தோட்டத் தொழிலாளர் விதியின்படி எண்டு ரெண்டாம் பக்கத்தில இருக்கு. நியாயம் கிடைக்காட்டி கோயம்புத்தூர் தொழிலாளர் அலுவலகத்தில முறைப்பாடு செய்வாவாம்!"

யாரோ சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இது இலங்கை, அம்மாக்கண்ணு. இந்தியாச் சட்டம் வேணுமெண்டால் இந்தியாவுக்குப் போய்க் கேளுங்கோ. இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லை. ரெண்டு மணிக்கு ஒபிசில விசாரணை. பெரியதுரையும் இருப்பார்."

என் கையில் இருந்த பாய் அப்படியே விழுந்தது. இந்தியாவுக்குப் போ! எங்களைப் பார்த்து எத்தனை பேர் எத்தனை தரம் சொன்ன வார்த்தை அது. அதைச் சொல்லித்தான் என் தாத்தாவின் அண்ணன் தம்பிகளைக் கப்பலேற்றினார்கள். இன்றைக்கு ஒரு தமிழன் தமிழிலேயே, நூற்றைம்பது பேருக்கு முன்னால், என் அம்மாவுக்குச் சொல்கிறான். அதற்குச் சாட்சியாக எங்கள் வீட்டுக் கடிதமே அவன் கையில் இருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளைக் கூட வேலை செய்யும் நிஷாந்தியிடம் விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"என்னா புள்ள, காலங்காத்தால?"

"அடுத்த பஸ்ஸப் புடிச்சு வா. வரலேன்னா நான் அங்க வந்து ஒன் கடைய ஒடைப்பேன்."

பத்தரைக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் நான் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கத்துக்குப் பதினொரு தரம் அடித்துவிட்டேன். தலைவருக்கு ஹட்டனில் கூட்டமாம், போனை நிறுத்தி வைத்திருக்கிறாராம். சங்கச் சந்தா வெட்டும் மாதத்தில் மட்டும் அந்த போன் ஒருநாளும் நின்றதில்லை.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். யாருக்கும் பசியில்லை, இருந்தும் ஒரு சட்டி நிறையச் சீவிவிட்டார்.

"நான் என்னா செய்றது?" என்றான் அண்ணன், செருப்பைக் கூடக் கழற்றாமல். "மெஷின் அப்புடித்தான் குடுத்துச்சு. எல்லாரும் அதத்தான் பாவிக்கிறாங்க. கடைக்கு வர்றவங்க எல்லாம் அதத்தான் போட்டுக் கேக்குறாங்க."

"குடுத்தா? கண்ண மூடிக்கிட்டு வாங்குவியா? கோயம்புத்தூர்னு எழுதியிருந்தத நீ பாக்கலயா?"

"கடைசி வரைக்கும் வாசிக்கல. மூணு பக்கம் இருந்துச்சு."

"மூணு பக்கம் வாசிக்க முடியாதவன் அம்மாவோட வேலையில ஏன்டா கைய வச்ச?"

"நீயும்தான் பாத்தே! நல்லா இருக்குன்னு சொன்னது யாரு?"

அவன் சொன்னது உண்மைதான், அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். பக்கத்துக் காம்பராவிலிருந்து ரேடியோவை நிறுத்தினார்கள், எங்களை ஒழுங்காகக் கேட்பதற்கு.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட்டேன். அந்தத் தாள்ல என்னா இருக்குன்னு ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் எனக்குச் சொன்னீங்களா? ஒருத்தன் மெஷின நம்புனான், ஒருத்தி அண்ணன நம்புனா, நான் ஒங்க ரெண்டு பேரையும் நம்புனேன். அங்க நின்னு கேவலப்பட்டது நான். ரெண்டு மணிக்கு நான் என்னா பேசணும்னு இப்ப சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க."

அண்ணன் செருப்பைக் கழற்றினான்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே போய்க் குந்தினோம். மணி பதினொன்று.

"எத்தன இருக்கு ஒன் போன்ல, இந்த மாதிரித் தேடித் தர்றது?"

"மூணு."

பெயரை எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார், ஆகவே நிறத்தை வைத்துச் சொல்கிறேன். ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. எங்களைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது நீலம்.

"நீலந்தான் ரொம்ப ஃபேமஸ்" என்றான் அண்ணன். "டக்குனு சொல்லும். பச்சை எங்கருந்து எடுத்துச்சுன்னு கீழ காட்டும். கறுப்பு சரியில்ல, சும்மா சும்மா தெரியலங்கும். அழிக்கலாம்னு இருந்தேன்."

"ஒன் சர்டிபிகேட் எனக்கு வேணாம். நான் கேக்கிறேன்."

மடுவத்துக்குப் புதுப் பிள்ளை வந்தால், அதற்குத் தெரிந்த ஒன்றைத்தான் முதலில் கேட்போம். உன் பெயர் என்ன, வீட்டில் நாய் இருக்கிறதா. இங்கே அதை மாற்றிச் செய்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மூன்றிடமும் கேட்டேன். பிள்ளை மடுவம் என்றால் என்ன?

நீலம் உடனே சொன்னது. குழந்தை வரம் வேண்டித் தம்பதியர் வழிபடும் மண்டபமாம். தஞ்சாவூர்ப் பக்கம் பல கோயில்களில் இருக்கிறதாம். ஆடி மாதம் விசேஷமாம். நான் தினமும் மூக்குச் சிந்திவிடும் இருபத்திரண்டு உருப்படிகளை நினைத்துக்கொண்டேன்.

பச்சை சரியாகச் சொன்னது, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று. கீழே மூன்று இணைப்புகளும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்று நுவரெலியாவில் அறை வாடகைக்கு விடும் ஹோட்டல். ஒன்று கேரளத்தைப் பற்றியது. மூன்றாவது திறக்கவே இல்லை. மூன்றிலும் அந்தப் பதில் கிடையாது.

கறுப்பு இப்படிச் சொன்னது: நிச்சயமான தகவல் குறைவு, இலங்கைத் தோட்டங்களில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தை இப்படி அழைப்பதாக ஒரு கட்டுரையில் உண்டு. இணைப்பைத் திறந்தேன். சொன்ன வரி சொன்ன இடத்தில் இருந்தது.

"சரி, இப்ப குளவியக் கேளு" என்றான் அண்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கொழுந்து எடுக்கும் மலையில் குளவிக் கூடு தெரிந்தால் தொழிலாளி என்ன செய்யலாம் என்று தமிழில் கேட்டேன். நீலம் மறுபடி கோயம்புத்தூருக்கே போய் நின்றது. அதே கேள்வியைச் சிங்களத்தில் தட்டினேன், பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம்தான். கொழும்புக்கு வந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"பாத்தியாண்ணே? தமிழ்ல கேட்டா கோயம்புத்தூரு. சிங்களத்துல கேட்டா கொழும்பு. இதுக்கும் நம்ம இந்தியாக்காரங்கதான். இருநூறு வருஷமா இங்க கெடந்து சாகுறோம், இந்தச் சனியனுக்கு அது தெரியல. அந்த ஆளு காலையில சொன்னதத்தான் இதுவும் சொல்லுது. அவன் வாயால சொன்னான், இது பணிவாச் சொல்லுது!"

அண்ணன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "இலங்கைன்னு சேத்துப் போட்டுப் பாரு" என்றான்.

சேர்த்தேன். பச்சை பாதி இலங்கையையும் பாதி அஸ்ஸாமையும் கலந்து கொடுத்தது. கறுப்பு பொதுவாக நாலு வரி சொல்லிவிட்டு, எந்தத் தோட்டக் கம்பனி என்று திருப்பிக் கேட்டது.

"இதுதான்" என்றேன்.

"இதுவா? இதுதான் ஒன்னுமே தெரியாதுன்னு சொல்லுதே!"

"தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது. கேக்க வேண்டியதக் கேக்குது. ஒனக்கு இருவத்தஞ்சு வயசாச்சு, இன்னும் அந்த ரெண்டும் வரல."

கம்பனியின் பெயரை இங்கிலீஷில் போட்டேன். ஐந்து இணைப்புகள் வந்தன. நான்காவது, எங்கள் கம்பனி தன் இணையப் பக்கத்தில் தானே போட்டிருந்த அறிக்கை. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்களுக்காக அச்சடித்தது, பளபளப்பான படங்களோடு நாற்பது பக்கம். மேலே கறுப்பு ஒரு சுருக்கம் கொடுத்திருந்தது: குளவிக் கூடு கண்டால் ஆட்களை உடனே இறக்க வேண்டும், அவர்களுக்கு இரண்டு நாள் சம்பளம் உண்டு.

அண்ணன் குதித்தான். "எழுது எழுது! ரெண்டு நாள் சம்பளம்!"

"பொறு. பக்கத்த வாசிக்கணும்."

முப்பத்தோராம் பக்கம் வரை விரலால் தள்ளித் தள்ளிப் போனேன். என் இங்கிலீஷ் பதினோராம் வகுப்பில் எழுதும் ஓ.எல். இங்கிலீஷ்தான். தெரியாத ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பார்த்துத்தான் வாசித்தேன், நாற்பது நிமிடம் போனது. இரண்டு நாள் சம்பளம் என்று எங்கேயும் இல்லை. நல்லதும் பொய் சொல்லும் போல. இருந்தது இவ்வளவுதான்: மலையில் குளவிக் கூடு காணப்பட்டால் தொழிலாளர்கள் உடனே வெளியேற வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கு முழுப் பேர் போடப்படும், இதற்காக யார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது. கீழே போன வருடத் திகதியும் எங்கள் தோட்டத்தின் பெயரும்.

அந்த நாலு வரியையும் மடுவத்துக் கொப்பியில் பார்த்து எழுதினேன். அண்ணன் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தான். நான் கேட்காமலேயே செய்தான்.

பிறகு அம்மாவிடம் போய் முழுவதையும் தமிழில் சொன்னேன். அம்மா மூன்று தரம் சொல்ல வைத்தார். மூன்றாவது தரம் அவருக்கே ஆத்திரம் தாங்கவில்லை.

"நான் செஞ்சதத்தானே அவனுங்களே எழுதி வச்சிருக்கானுங்க! வெள்ளக்காரனுக்குக் காட்டத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியலயா? எந்தங்கச்சி செத்தப்ப இது எங்க இருந்துச்சு?"

இரண்டு மணி. ஒபிசுக்குள் அம்மாவோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். நான் போனேன், அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

பெரியதுரை, தோட்டத்து மேனேஜர், சிங்களவர். இருபது வருடமாகத் தோட்டங்களில் இருந்தவர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். "உட்காரு" என்று சொல்லவில்லை.

"என்னா அம்மாக்கண்ணு, என்னா சொல்லப் போற?"

"மொத கடுதாசி எங்க வீட்டுப் பிழை, தொர. வாசிக்காம கையெழுத்து வச்சேன். அத விட்டுருங்க" என்றார் அம்மா. கொப்பியை மேசையில் வைத்தார். "இது எங்க கடுதாசி இல்ல. ஒங்க கடுதாசி."

பெரியதுரை வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் அண்ணனின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தார். காது சிவந்தது. போனைச் சின்னத்துரையிடம் கொடுத்தார்.

"சேர், இது வெளியில வாங்கிற ஆக்களுக்குப் போட்டது" என்றார் கஜேந்திரன். "இஞ்சத்த நடைமுறை வேற."

"அப்ப நாங்க வேற ஆளுங்களா?" அம்மா அவர் பக்கம் திரும்பினார். "காலையில அத்தன பேரு முன்னுக்கு என்னய இந்தியாவுக்குப் போகச் சொன்னீங்க. எங்கப்பா பொறந்தது இந்தத் தோட்டத்துல. எந்தங்கச்சியப் பொதச்சது இந்தத் தோட்டத்துல. நீங்க வந்து எட்டு மாசம். போகச் சொல்ல ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கஜேந்திரன் போனை என்னிடம் நீட்டினார்.

"வெளிய இருங்க" என்றார் பெரியதுரை. "கொழும்புக்குப் பேசணும்."

மழை பிடித்துக்கொண்டது. ஒபிஸ் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாவோடு இறங்கிய பதின்மூன்று பெண்களும் வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, நனைந்த தலையோடு, ஒருவர் பேச்சுக்கும் காத்திராமல் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். காளியாயி அக்கா மட்டும் கேட்டார்.

"என்னாச்சு?"

"வாசிச்சிட்டாரு. பேசுறாரு" என்றார் அம்மா.

நாலேகாலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். பெரியதுரை முன்னால் எங்கள் பழைய கடிதம், கோயம்புத்தூர்க் கடிதம், விரித்து வைத்திருந்தது.

"அப்படி ஒரு அறிக்கை கம்பனி போடலயாம்" என்றார். "கொழும்பு ஒபிசுல கேட்டேன். இந்தக் காலத்துல போன்ல என்னாத்தையும் செஞ்சு காட்டலாம். மொதல்லயும் இப்படித்தானே ஒன்னு எழுதிக் கொண்டாந்தீங்க?"

போனை எடுத்து அந்த இணைப்பைத் தொட்டேன். வெள்ளைப் பக்கம் வந்தது, பக்கம் காணப்படவில்லை என்று. மறுபடி தொட்டேன். அதே வெள்ளை. கறுப்பிடம் மறுபடி கேட்டேன். அப்படியொரு ஆவணம் இப்போது கிடைக்கவில்லை என்று அதே நேர்மையோடு சொன்னது.

"எடுத்துட்டாங்கம்மா" என்றேன். "ரெண்டு மணி நேரத்துல எடுத்துட்டாங்க."

சின்னத்துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசைக்குக் கிட்டப் போனார். துரைமார் மேசைக்கு அவ்வளவு கிட்ட எங்கள் ஆட்கள் போனதை நான் கண்டதில்லை.

"இப்ப இல்ல. ரெண்டு மணிக்கு இருந்துச்சு. நீங்க ஒங்க கண்ணால வாசிச்சீங்க, தொர. மெஷின் பொய் சொல்லும், கொழும்பு பொய் சொல்லும், நீங்க வாசிச்சீங்கல்ல? வாசிக்கலன்னு என்னய பாத்துச் சொல்லுங்க."

பெரியதுரை அம்மாவைப் பார்க்கவில்லை. கடிதத்தை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். ஃபைலின் நாடாவைக் கட்டினார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்தது.

"நாளைக்கு பெரட்டுக்கு வா, அம்மாக்கண்ணு."

"வேல குடுக்கவா தொர, பேரு வெட்டவா?"

"வா. முடிவு அங்க சொல்றேன்."

வெளியே வந்தோம். அண்ணன் ஜன்னலோரத்தில் முழுவதும் கேட்டிருந்தான். நனைந்துபோய், முகம் வெளிறி நின்றான். என் கையிலிருந்த தன் போனைப் பறித்து, "அந்தப் பக்கம் இதுல இருக்கான்னு கடையில பாக்கிறேன்" என்று இடுப்பில் செருகிக்கொண்டு, ஹட்டன் பஸ்ஸுக்கு ரோட்டுப் பக்கம் ஓடினான். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

பதின்மூன்று பேரும் அம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மழையா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

"ஒரு முடிவும் இல்ல. நாளைக்கு பெரட்டுல சொல்லுவாராம்" என்றார். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா எறங்குனது சரிதான். பதினாலு பேரும் எறங்குனோம். நாளைக்கு என்னய மட்டும் முன்னுக்கு கூப்புடுவாங்க. அப்ப நீங்க என்னா செய்யப் போறீங்கன்னு இன்னைக்கே யோசிச்சு வச்சுக்கங்க."